பாதி மண்டபம்

வாங்கம்மா, வாங்க. செருப்போடயே வரலாம், மேடைக்கு மட்டும் கழட்டுனாப் போதும். கோர்ட்டுல இருந்து அளக்க வர்ற கமிஷனர் நீங்கதானா? நான் யாரோ தலை நரைச்ச வக்கீல் வருவாருன்னுல்லா நெனச்சேன். சரி, வயசுல என்ன இருக்கு. டேப்பைப் பிடிச்சா அளவு ஒண்ணுதான். உக்காருங்க. ஃபேனைப் போடுறேன்.

நான்தான் கோமதிநாயகம். கேஸ் போட்டவன். எழுதிக்கோங்க. கேஸுல எனக்கு எதிர்க்கட்சி ஆவுடையம்மாள், என் கூடப்பொறந்த அக்கா. இந்த மண்டபம் எங்க அப்பா கட்டுனது, அம்மா பேரு வச்சது. சொர்ணத்தம்மாள் திருமண மண்டபம். முப்பத்தோரு வருசம் ஆச்சு. அப்பா போனப்புறம் பெயிண்டு அடிச்சது நானு, ஓடு மாத்துனது நானு, ஜெனரேட்டர் வாங்கிப் போட்டது நானு. அவ திடீர்னு வந்து பாதி என்னுதுங்கா. எழுதிக்கோங்க, திடீர்னு.

எதுக்குன்னு கேளுங்க. தனக்கு வேணும்னு கேட்டிருந்தாக்கூட வயித்தெரிச்சல் கம்மியா இருந்திருக்கும். யாருக்காகக் கேட்டா தெரியுமா? காலனி ஆளுகளுக்காக.

இருங்க, முகத்தச் சுளிக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. எங்க சங்கத் தலைவர் ஆறுமுகநயினாருன்னு ஒருத்தர் இருக்காரு, அவரு அப்படிப்பட்ட ஆளு. அவங்க நம்ம தெருவுல பைக்குல போகக் கூடாது, டீக்கடை பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னு இன்னைக்கும் பேசுவாரு. எனக்கும் அவருக்கும் அதுலயே ஆகாது. நான் கூட்டத்துலயே சொல்லியிருக்கேன், "அண்ணாச்சி, காலம் மாறிப்போச்சு, சட்டம்னு ஒண்ணு இருக்கு"ன்னு. படிக்கட்டும், கலெக்டராகட்டும், பஸ்ஸுல என் பக்கத்துல உக்காரட்டும், நான் எந்திரிச்சேனா? எந்திரிக்க மாட்டேன். ஆனா என் வாசப்படிக்குள்ள யாரு வரணும்ங்கறது என் இஷ்டம். ரோடு கவர்மெண்டோடது, மண்டபம் என்னோடது. இதுல என்ன தப்பு? இது ஜாதி இல்லம்மா, இது உரிமை. எழுதிக்கோங்க.

வந்த விசயத்தச் சொல்லிடுறேன்.

போன சித்திரையில ஒருத்தர் வந்தாரு. பேரு ராமலிங்கம். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். வெள்ளை வேட்டி, நெத்தியில மூணு பட்டை விபூதி, கையில பஞ்சாங்கம். பொண்ணுக்கு ஆவணி மாசம் முகூர்த்தம், ஒன்பதுல இருந்து பத்தரைக்குள்ள, மண்டபம் வேணும்னாரு. "ராகு காலம் போகட்டும் அண்ணாச்சி, அப்புறம் எழுதலாம்"னு அவரே சொல்லி, இதே நாற்காலியில அரை மணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் வீட்டுல இருந்து காபி வரவழைச்சுக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குடிச்சோம். இந்தக் காலத்துல ராகு காலம் பாக்குற மனுசன் எத்தன பேரு இருக்கான், சொல்லுங்க. எனக்கு அந்தாளைப் பிடிச்சுப்போச்சு.

எங்க மண்டபத்துல ஒரு வழக்கம் உண்டு. அப்பா வச்ச வழக்கம். ரசீது புஸ்தகமெல்லாம் அப்புறம். மொதல்ல தட்டுல வெத்தல பாக்கு, பழம், மஞ்சள் வச்சு, அம்மா படத்துக்கு முன்னால நின்னு, கிழக்க பாத்து கை மாத்திக்கணும். தாம்பூலம் மாத்தியாச்சுன்னா அந்த முகூர்த்தம் அவங்களோடது. அப்பா காலத்துல ஒரு எம்எல்ஏ வீட்டுக் கல்யாணத்துக்கு அதே நாளைக் கேட்டு ஜீப்புல ஆள் வந்தாங்க. அப்பா எந்திரிச்சுக்கூட நிக்கல. "ஒரு ஆசாரி வீட்டுக்குத் தாம்பூலம் குடுத்துட்டேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்தக் கதைய நான் சொல்லாத ஆளு கிடையாது. போஸ்ட்மாஸ்டர்கிட்டயும் சொன்னேன். "இனி கலெக்டரே வந்து கேட்டாலும் இந்த நாள் உங்களுதுதான்"னு என் வாயாலயே சொன்னேன். அவரு ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அப்படி வாங்குற ஆளை நான் என்னன்னு நெனப்பேன்? எந்தத் தெருன்னு கேக்கணும்னு தோணவே இல்லம்மா. அதுதான் நான் பண்ண தப்பு. மரியாதை பாத்து ஏமாந்தேன்.

ஆடி மாசக் கடைசியில பத்திரிகை கொண்டாந்து வச்சாரு. பிரிச்சுப் பாக்குறேன். கீழ முகவரி போட்டிருக்கு. காலனி, நாலாவது தெரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்குச் சாயங்காலமே ஆறுமுகநயினார் வந்து நிக்காரு. "என்ன கோமதி, மண்டபத்தக் காலனிக்கு மாத்திட்டியாம்ல"ன்னு சிரிக்காரு. அந்தச் சிரிப்பு இருக்கே, இன்னைக்கு நெனச்சாலும் உடம்பெல்லாம் எரியுது. அந்தாளு சொல்றதுக்காக நான் எதுவும் பண்ணலம்மா. நான் என் கொள்கைக்காகப் பண்ணேன். ஆனா அவரு சிரிச்சாரு, அதையும் எழுதிக்கோங்க.

நான் சண்டைக்குப் போற ஆள் இல்ல. பக்குவமா முடிக்கப் பாத்தேன். போஸ்ட்மாஸ்டரை வரச் சொல்லி, "போர் மோட்டார் புகைஞ்சு போச்சு, தண்ணி கிடையாது"ன்னேன். "பரவாயில்ல அண்ணாச்சி, லாரித் தண்ணிக்கு நான் சொல்லிடுறேன்"னாரு. "மேடைக்கு மேல காரை பெயந்து கிடக்கு, தலையில விழுந்துட்டா பொறுப்பு யாரு"ன்னேன். "அப்ப கீழயே பாயப் போட்டு உக்கார வச்சுத் தாலி கட்டிக்கிறோம்"னாரு. எதைச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருக்காரு. நாப்பது வருசம் கவுண்டர்ல உக்காந்த ஆளு, பொறுமைக்குக் கேக்கணுமா? கடைசியில எனக்குப் பொறுமை போச்சு. "உங்க ஆளுகளுக்கு இங்க குடுக்கிறதில்ல, வேற இடம் பாருங்க"ன்னுட்டேன்.

அவரு கத்துவாருன்னு நெனச்சேன். போலீசுக்குப் போறேன், கலெக்டருக்கு மனு குடுப்பேன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நானும் ஒரு கை பாத்திருப்பேன். வக்கீல் வச்சு, என் சொத்து என் உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருப்பேன். அந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா? "சட்டம் இருக்கு அண்ணாச்சி. எனக்கும் தெரியும். நான் அங்க போகல. நீங்க அம்மா படத்துக்கு முன்னால தாம்பூலம் குடுத்தீங்க, அதை வச்சுத்தான் கேக்குறேன்"னாரு. என் வார்த்தைய எடுத்து எனக்கே வைக்காரு! எவ்வளவு தந்திரம் பாருங்க.

அந்த நேரம் பாத்து எங்க அக்கா அடுப்படியில இருந்து வெளிய வந்தா.

அவளைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். இருபத்தி மூணு வயசுல தாலிய இழந்துட்டு எங்க வீட்டுக்கே திரும்பி வந்தவ. குழந்தை குட்டி கிடையாது. அன்னைல இருந்து அவளுக்குச் சாப்பாடு, துணிமணி எல்லாம் நாங்கதான். ஒருநாள் நான் முகம் சுளிச்சதில்ல. மண்டபம் திறந்த நாள்ல இருந்து அடுப்படி அவ பொறுப்பு. சமையல்காரங்களுக்குச் சாமான் எடுத்துக் குடுக்கிறது, எலை எண்ணுறது, காய் நறுக்க ஆள் பாக்குறது எல்லாம் அவதான். ஆசாரத்துல அவளை யாரும் மிஞ்ச முடியாது. அமாவாசைக்குப் பச்சத் தண்ணி குடிக்க மாட்டா. வெளியூர் போனா வீட்டுல இருந்து கொண்டுபோன தண்ணிதான். நான் ஓட்டல்ல சாப்பிடுறதுக்கே திட்டுவா. காலனி ஆளுக வந்தா அவளும் தள்ளி நின்னுதான் பேசுவா. அப்படிப்பட்டவ, ஆறுமுகநயினாரை விடக் கெட்டியானவ, வந்து என்ன கேக்கா?

"ஏல கோமதி, தாம்பூலம் மாத்துனியா இல்லியா?"

"மாத்துனேன். ஆள் தெரியாம மாத்திட்டேன்."

"தாம்பூலத்துல ஆள் பேரு எழுதியிருக்கா? மாத்துனா மாத்துனதுதான். முகூர்த்தத்த நிறுத்தாத. ஒரு பொண்ணு மாலையும் கழுத்துமா நிக்கிற நேரத்த நிறுத்துன பாவம் நம்ம வீட்டுக்கு வேண்டாம்."

"அவங்க யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும். அவங்க வீட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன். அது என் வயித்து விசயம். அப்பா வச்ச வழக்கத்த நீ உடைக்கக் கூடாது. அது குடும்பத்து விசயம்."

போஸ்ட்மாஸ்டர் அங்கதான் நிக்காரு. தண்ணி குடிக்க மாட்டேன்னு அவரு முகத்துக்கு நேராச் சொல்லுதா, அதே வாயால அவருக்காக என்கிட்ட மல்லுக்கு நிக்கா. இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க. ஆசாரம் பாக்கணும்னா என் பக்கம் நிக்கணும். பாக்க வேண்டாம்னா அந்த வீட்டுல போய்க் காபி குடிக்கணும். ரெண்டும் இல்லாம ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கா!

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிட்டு. "இது என் மண்டபம். யாருக்குக் குடுக்கணும், குடுக்கக் கூடாதுங்கறது என் உரிமை. நீ அடுப்படியப் பாரு"ன்னேன்.

அவ ஈரக் கையச் சேலையில தொடச்சா. அப்புறம் மெதுவாக் கேட்டா. "அப்பா உயில் எழுதலையேல?"

அவ்வளவுதான். முப்பத்தோரு வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல. எங்க வீட்டுப் பொம்பளைக யாரும் பொறந்த வீட்டுச் சொத்தக் கேக்குற வழக்கமே கிடையாது. அவளே எத்தனை தடவ சொல்லியிருக்கா, "பங்கு கேட்டு வர்ற பொம்பள என்ன பொம்பள"ன்னு. அன்னைக்கு அவ சொல்லுதா: "உரிமைன்னு பேசுனா எனக்கும் உண்டு. பாதி என்னுது. அடுப்படியும் பந்திக் கூடமும் நான் புழங்குற இடம், அதை என் பாதின்னு வச்சுக்கிடுறேன். நீ மேடையப் பூட்டிக்கோ." போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பி, "ஐயா, பந்திக் கூடத்துலயே தாலி கட்டிக்கிடுங்க. பின்வாசல் வழியா வரணும், பொறுத்துக்கிடுங்க"ன்னா.

நான் பூட்டுனேன். எழுதிக்கோங்க, நான் பூட்டுனேன், மறைக்கல. முன்வாசல் கேட்டு, இந்தப் பெரிய கூடம், மேடை எல்லாத்தையும் பூட்டிட்டேன். கூடத்துக்கும் பந்திக்கும் நடுவுல இருக்கே இந்த மடக்குக் கம்பிக் கதவு, இதுக்கும் ஒரு பூட்டு. கரண்டு மெயின் அவ பக்கம் இருந்ததால ஒண்ணும் பண்ண முடியல.

கல்யாணத்தன்னைக்குக் காலையில ஆறுமுகநயினார் இருபது பேரோட பின்வாசலுக்கு வந்துட்டாரு. அக்கா பின்வாசப்படியில குறுக்க அருவாமனையப் போட்டு உக்காந்து பூசணிக்கா நறுக்கிக்கிட்டு இருந்தாளாம். "வழிய விடு ஆவுடை"ன்னாராம். "நறுக்கி முடிக்கட்டும் அண்ணாச்சி, நானூறு பேருக்குச் சாம்பார்"னாளாம். அவ எந்திரிக்கவே இல்ல. ஒரு விதவைப் பொம்பளையைத் தாண்டிக்கிட்டு நல்ல காரியத்துக்குள்ள போறதுக்கு அவங்களுக்கும் யோசனை. சகுனம்ல! அப்படியே நின்னுட்டுப் போயிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்ததும் தானா எந்திரிச்சு, அருவாமனைய எடுத்துக்கிட்டு உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாளாம். அவங்களுக்குச் சகுனத்தடை ஆகிடக் கூடாதாம்.

பெறகு நான் சங்கத்துல போய்ச் சமாதானமாத்தான் பேசினேன். "பாருங்க, அவங்க முன்வாசல் வழியா வரல, மேடையில ஏறல, ஒரு வகையில நம்ம வழக்கமும் தப்பல"ன்னேன். ஆறுமுகநயினார் கேக்கவே இல்ல. என்னைச் சங்கத்துல இருந்து நீக்கிட்டாங்க. அவருக்கு நான் காலனி ஆளு, அக்காவுக்கு நான் வார்த்தை தவறுனவன். நடுவுல நின்னு நியாயம் பேசுன ஒரே ஆளு நானு, எனக்குத்தான் ரெண்டு பக்கமும் அடி. கோவம் வருமா வராதா?

கல்யாணத்தன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு கேக்குறீங்களா? இங்கதான். பூட்டுன கூடத்துக்குள்ள. யாராவது பூட்டை உடைச்சுட்டா என்ன பண்றது? காவலுக்கு நின்னேன். நானூறு நாற்காலியும் நானும். அந்தப் பக்கம் நாயனம் வாசிக்கிறாங்க. நான் பாக்கணும்னு பாக்கல. கம்பிக் கதவுல துணியா போட்டிருக்கு, தெரியத்தான் செய்யும்.

பந்தி மேசையெல்லாம் ஓரமா ஒதுக்கி, நடுவுல கோலம் போட்டு, ரெண்டு பலகையில பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வச்சிருந்தாங்க. அடுப்படி வாசலுக்கு நேர் எதுத்தாப்ல. கெட்டிமேளம் கொட்டி, தாலி கட்டி முடிஞ்சுது. பெரியவங்க கால்ல விழுந்து எந்திரிக்காங்க. அப்புறம் அந்தப் பொண்ணு, சுகந்தின்னு பேரு, புது மாலையோட நேரா அடுப்படி வாசலுக்கு நடக்குது. அக்கா பதறிப்போய்ப் பின்னால நகருதா. "வேண்டாம்மா, நான் முன்ன நிக்கக் கூடாதவ, அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ"ங்கா. கையில அரிகரண்டி. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் வந்து அந்தக் கரண்டிய வாங்கிக் கீழ வச்சுது. "அம்மா, அந்த வழக்கம் எங்க வீட்டுலயும் உண்டு. இன்னைக்கு நாங்க பாக்கல"ன்னு சொல்லி, அக்கா உள்ளங்கையில அட்சதைய வச்சுது. பொண்ணும் மாப்பிள்ளையும் அடுப்படித் தரையில, தண்ணியும் காய்த்தோலுமாக் கிடக்கிற தரையில, விழுந்து கும்பிட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் பொண்ணு கல்யாணமும் இதே மண்டபத்துலதான் நடந்துது, எட்டு வருசம் ஆச்சு. அக்கா ஒழுங்கா ஸ்டோர் ரூமுக்குள்ள இருந்தா. கெட்டிமேளம் கேட்டப்பக்கூட எட்டிப் பாக்கல. என் பொண்ணைத் தூக்கி வளத்தவளே அவதான், ஆனாலும் முறைன்னா முறை. யாரும் அவளைப் போன்னு சொல்லல, வான்னும் சொல்லல. அவளா இருந்துக்கிட்டா. அவ்வளவு ஒழுக்கமா இருந்தவளை ஒரே நாள்ல கெடுத்துட்டாங்களேன்னு எனக்கு அழுகையா வந்துது. ஆத்திரத்துல வந்த அழுகை. வேற ஒண்ணும் இல்ல.

மத்தியானம் எல்லாரும் போனப்புறம் அக்கா இந்தக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னா. சண்டைக்கு வாரான்னு நெனச்சேன். சோறு கொண்டுவந்திருந்தா. கம்பி இடுக்குல தட்டு நுழையல. தட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. "தம்பி, இந்த மண்டபத்துல தாலி கட்டுறத நான் இன்னைக்குத்தாம்ல பாத்தேன்"னா.

என்ன பேச்சு இது? எத்தனை நூறு கல்யாணம் நடந்திருக்கு இங்க. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவ இங்கதான் இருந்திருக்கா, ஒருநாள் லீவு போட்டதில்ல. என்னமோ நான் அவ கண்ணைக் கட்டி வச்சிருந்த மாதிரி! எனக்கு வந்த கோவத்துல, "உன் பாதிய எப்படி வாங்குதேன்னு நானும் பாக்குறேன், கோர்ட்டுல வா"ன்னுட்டேன். அவ தட்டைக் கீழ வச்சுட்டுப் போயிட்டா. அந்த வாரமே வீட்டை விட்டும் போயிட்டா. இப்ப மண்டபத்து அடுப்படிக்குப் பின்னால இருக்கிற ரூம்லதான் படுக்கை. ஆறு மாசமா அவ என்கிட்ட பேசல. இல்ல, நான்தான் பேசல. எழுதும்போது சரியா எழுதிக்கோங்க.

சரி, அளங்க. மேடை இருபத்தி நாலுக்குப் பதினாறு. கூடம் அம்பதுக்கு முப்பத்தஞ்சு. இது மணமகள் அறை. அது ஸ்டோர் ரூம். அதை எதுக்கும்மா அளக்குறீங்க, சின்ன ரூமு, ஆறுக்கு எட்டு. அரிசி மூட்டையும் எலைக்கட்டும் வைக்கிறது. ஆமா, தாலி கட்டுற நேரத்துல அவ இருக்கிற இடம் அதான். ஒரு முக்காலி கிடக்கும், அதுல உக்காந்திருப்பா.

என்ன கேக்குறீங்க? அங்க இருந்து மேடை தெரியுமான்னா?

எனக்கென்ன தெரியும்? நான் ஒருநாளும் அதுக்குள்ள உக்காந்ததில்ல. அது கேஸுக்கு எதுக்கு? சரி, இருங்க, வந்து பாக்குறேன். நகருங்க. முக்காலி இங்கதான் கிடக்குது. இங்கதான் உக்காருவா.

செவுரு தெரியுது.

கொஞ்சம் சாஞ்சு பாக்குறேன். இல்ல. செவுருதான். மேளச்சத்தம் கேக்கும், அது நல்லாக் கேக்கும். இது யாரு கரியில கோடு போட்டு வச்சிருக்கா? கல்யாணத்துக்கு ஒரு கோடா இருக்கும், அவளுக்கு எழுதத் தெரியாது. இந்தா, இதுக்கு மட்டும் மஞ்சள்ல பொட்டு வச்சிருக்கா. எது இது? மேல இருந்து எண்ணுனா... என் பொண்ணு கல்யாணமா இருக்கும்.

அம்மா, போதும். டேப்பைச் சுருட்டுங்க. என்னத்த எழுதிக்கிட்டே இருக்கீங்க? நீளம் அகலம் மட்டும் எழுதுங்க. ஆறுக்கு எட்டு, ஒரு கதவு, சன்னல் கிடையாது. அது போதும். இந்தச் செவுத்துல இருக்கிறத எழுதாதீங்க.